ட்ரீம்காஸ்ட் டிஸ்க்கை வாசிக்கவில்லை: லேசரை மாற்றுவதா, எஸ்டி கார்டு போர்டு போடுவதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. சேகாவின் பழைய வீடியோ கேம் இயந்திரமான உங்கள் ட்ரீம்காஸ்ட் டிஸ்க்கைச் சுழற்றுகிறது, கொஞ்ச நேரம் கரகரவென்று தேடுகிறது, பிறகு டிஸ்க்கே இல்லாதது போல மெனுவுக்குத் திரும்பிவிடுகிறது. எப்போதாவது வாசித்தாலும், ஆட்டத்தின் நடுவில் தானாக ரீசெட் ஆகிறது. புது லேசர் போடலாமா, டிரைவையே கழற்றிவிட்டு, ஆட்டங்களைக் கார்டிலிருந்து ஓட்டும் எஸ்டி கார்டு போர்டு போடலாமா என்று கேட்கிறீர்கள். போர்டு போட்டால் பவர் சப்ளை எரிந்துவிடும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். வீட்டில் எழுதிய சிடிகளை ஓட்டியதால்தான் டிரைவ் கெட்டதோ என்ற உறுத்தலும் இருக்கிறது. கேள்விகள் நான்கு போலத் தெரிந்தாலும் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: உங்கள் இயந்திரத்தில் எது செத்திருக்கிறது? அது தெரியாமல் எதை வாங்கினாலும் பாதிக் காசு வீண்.

பழைய இயந்திரங்களைத் திறந்து மூடுவதில் பல வருடம் போயிருக்கிறது எனக்கு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், நீங்கள் சொன்ன இரண்டு குறிகளும் ஒரே நோயின் குறிகளாக இருக்க வேண்டியதில்லை. நடுவில் ரீசெட் ஆவதற்கு டிரைவ் காரணமாக இருப்பது அரிது. ட்ரீம்காஸ்ட்டில் பவர் சப்ளை ஒரு தனிப் போர்டு. மதர்போர்டில் செங்குத்தாக நிற்கும் உலோகப் பின்கள் மேல் அது வெறுமனே செருகி உட்கார்ந்திருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் ஆனால் அந்தப் பின்கள் மங்கி ஆக்சைடு படியும், செருகியும் தளரும். மின்சாரம் விட்டு விட்டுப் போகும், இயந்திரம் ரீசெட் ஆகும். ட்ரீம்காஸ்ட் வைத்திருப்பவர்கள் நடுவே இது பேர்போன கோளாறு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் பின்களைத் துடைத்து, பவர் சப்ளையை இரண்டு மூன்று முறை கழற்றிச் செருகினாலே பல இயந்திரங்கள் சரியாகிவிடும். அந்தத் தளர்வுதான் டிஸ்க்கை வாசிக்காததற்கும் காரணமா? இருக்கலாம். மோட்டார் வேகம் எடுக்கும்போது மின்னழுத்தம் சரிந்தால் டிரைவ் தடுமாறும். ஆனால் அதை நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், செலவும் இல்லை.

திறப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. இந்தப் பவர் சப்ளைக்கு உறை கிடையாது. மேல்மூடியைக் கழற்றியதும் சுவர்ப் பிளக்கிலிருந்து நேரடியாக வரும் மின்சாரம் ஓடும் பகுதி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். 230 வோல்ட் இணைப்பில் அங்குள்ள பெரிய கபாசிட்டர் ஏறத்தாழ 325 வோல்ட் வரை தேக்கி வைக்கும். பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் பொறுத்து, மல்டிமீட்டரை வைத்து அளந்த பிறகு கை வையுங்கள். மல்டிமீட்டர் இல்லையென்றால் அந்தப் போர்டைத் தொடாதீர்கள்.

இனி டிரைவ். பின்களைத் துடைத்த பிறகும் வாசிக்கவில்லை என்றால், கடையில் வாங்கிய ஒரு சாதாரணப் பாட்டு சிடியைப் போட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையைப் பலர் செய்வதே இல்லை, ஆனால் இதைப் போல விஷயம் சொல்லும் சோதனை வேறு இல்லை. ட்ரீம்காஸ்ட் ஆட்டங்கள் வரும் டிஸ்க்குக்கு ஜிடி-ராம் என்று பெயர், அது இரண்டு பகுதியாகப் பிரித்த தெரு மாதிரி. உள்வட்டத்தில் சாதாரண சிடி அடர்த்தியில் சுமார் 35 எம்பி, அதற்கு வெளியே ஒரு சிறு இடைவளையம், அதன் பிறகு அடர்த்தி கூடிய பகுதியில் ஏறத்தாழ 1 ஜிபி. ஆட்டத்தின் தரவு இருப்பது அந்த வெளிப்பகுதியில். லேசர் என்னவோ சிடிக்குப் பயன்படும் அதே 780 நானோமீட்டர் வகைதான். புள்ளிகளை நெருக்கி எழுதித்தான் கூடுதல் இடம் பிடித்திருக்கிறார்கள். ஆகவே லேசர் தளர்ந்த டிரைவ் முதலில் தோற்பது அந்த நெருக்கமான பகுதியில்தான். பாட்டு சிடி தங்குதடையின்றி ஓடி, ஆட்ட டிஸ்க் மட்டும் ஓடவில்லை என்றால் லேசர் சோர்ந்திருக்கிறது அல்லது லென்ஸில் அழுக்கு என்று எண்ணலாம். பாட்டு சிடியும் ஓடவில்லை, டிஸ்க் சுழலவே மறுக்கிறது என்றால் லென்ஸ் குவியத்தைப் பிடிக்கவில்லை. அல்லது லேசரே எரியவில்லை. சுழன்று, ஒரே இடத்தில் டக் டக் என்று அடித்துக்கொண்டால் லேசர் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் காய்ந்திருக்கலாம், பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். ஒரு வார்த்தை: மூடி ஸ்விட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு லென்ஸை நேராக எட்டிப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. தெரியாதது பாதுகாப்பானது என்று ஆகிவிடாது.

சுத்தம் செய்வது எளிது. லென்ஸை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அழுத்தாமல் ஒரு முறை வருடுங்கள். தண்டவாளத்தில் பழைய கிரீஸைத் துடைத்து எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கைத் தின்னாத புதுக் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். அதோடு நிறுத்துங்கள். இதற்கு அடுத்தபடியாக எல்லாரும் சொல்லும் வைத்தியம், லேசருக்கு மின்சாரத்தைக் கூட்டும் குட்டித் திருகை, அதாவது பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்புவது. அது வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கிழட்டு மாட்டைச் சாட்டையால் அடித்து வண்டி இழுக்க வைக்கிற வேலை அது. லேசருக்குள் போகும் மின்சாரம் கூடினால் அதன் மிச்ச ஆயுள் குறையும். எத்தனை மாதம் குறையும் என்று யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள். நான் தொழில் பழகிய காலத்தில், திருப்புவதற்கு முன் பழைய அளவைக் குறித்து வைக்காமல் ஒரு லேசரைக் கால் சுற்று அதிகமாகத் திருப்பினேன். ஒரு சாயங்காலம் அருமையாக ஓடியது. மறுநாள் காலை ஒன்றுமே இல்லை. திருப்பியே ஆக வேண்டும் என்றால், முதலில் மல்டிமீட்டரால் மின்தடையை அளந்து எழுதி வைத்துக்கொண்டு, முடி அளவு முடி அளவாக நகர்த்துங்கள்.

லேசரை மாற்றலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ட்ரீம்காஸ்ட் தயாரிப்பு 2001-ல் நின்றுபோனது. வீட்டில் வைத்து ஆடும் இயந்திரங்களில் ஜிடி-ராம் போட்டது அது ஒன்றுதான். மீதி எல்லாம் நவோமி போன்ற, விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களின் போர்டுகள். அதனால் 'புது' டிரைவ் என்று விற்பவை பெரும்பாலும் வேறொரு இயந்திரத்திலிருந்து கழற்றியவை, அவையும் உங்களுடையதன் வயதுதான். பிளேஸ்டேஷன் 1 கதை வேறு. அதன் கேஎஸ்எம்-440 வரிசை லேசர் தொகுதிகளுக்கு இன்றும் மாற்று கிடைக்கிறது, தரம் மட்டும் சீட்டுக் குலுக்கல் மாதிரி. அப்படி ஒன்றை மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். நிலைமின்சாரத்தில் லேசர் டயோடு செத்துவிடக் கூடாது என்பதற்காகப் பல புதுத் தொகுதிகளில் ரிப்பன் பக்கத்தில் ஒரு துளி ஈயத்தால் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து வைத்திருப்பார்கள். மாட்டிய பிறகு அந்த ஈயத்தை எடுக்க வேண்டும். எடுக்க மறந்துவிட்டு, புது லேசரும் வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எஸ்டி கார்டு போர்டு. இதை ஆப்டிகல் டிரைவ் எமுலேட்டர் என்பார்கள். இது எப்படிச் சாத்தியம் என்று புரிந்தால் பாதிப் பயம் போய்விடும். இயந்திரத்தின் மூளைக்கு லேசர் என்றால் என்னவென்றே தெரியாது. அது டிரைவிடம் கேட்பதெல்லாம் 'இத்தனையாவது செக்டரைக் கொடு', அதாவது டிஸ்க்கின் இந்தச் சிறு தரவுத் துண்டைக் கொடு என்பதுதான். லேசரை நகர்த்துவதும் குவியம் பிடிப்பதும் பிழை திருத்துவதும் டிரைவ் தன் பாட்டுக்குச் செய்யும் வேலை. ட்ரீம்காஸ்ட்டில் இந்தப் பேச்சு நடக்கும் பாதைக்கு ஜி1 என்று பெயர். அது பழைய கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க்குகள் பேசிய ஏடிஏ முறைக்கு நெருங்கிய சொந்தம். இதைக் கண்டுபிடித்த ஆர்வலர்கள் அந்தப் பாதையில் வயர் வயராக ஈயம் பிடித்து ஐடிஇ ஹார்டு டிஸ்க்கையே இணைத்தார்கள். ட்ரீம்ஷெல் என்ற மென்பொருள் அதிலிருந்து ஆட்டங்களை ஓட்டும். அது கை தேர்ந்தவர்கள் வேலை. ஜிடிஎமு போன்ற போர்டுகள் அதே பாதையில், டிரைவ் செருகியிருந்த அதே கனெக்டரில் உட்கார்ந்துகொண்டு, எஸ்டி கார்டிலிருந்து செக்டரை எடுத்து 'நான்தான் டிரைவ்' என்று பதில் சொல்கின்றன. ஈயம் பிடிக்கும் வேலையே இல்லை. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி மேல்மூடியை எடுக்க வேண்டும், அதில் ஒன்று மோடத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். டிரைவைத் தூக்கிவிட்டு போர்டைச் செருக வேண்டும். அவ்வளவுதான்.

வாங்குவதற்கு முன் இயந்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் உள்ள ஸ்டிக்கரில் வட்டத்துக்குள் 0, 1, 2 என எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். 1 என்றால் விஏ1 மதர்போர்டு. அதிகம் விற்றதும் அதுதான், பெரும்பாலான போர்டுகள் அதற்காகச் செய்தவையும்தான். 0 என்றால் பழைய விஏ0. அதில் டிரைவோடு பேசும் மின்னழுத்தம் வேறு. விஏ1-க்கான போர்டை அதில் செருகிச் சோதிப்பது வேண்டாத விபரீதம். 0 அல்லது 2 இருந்தால் விற்பவரிடம் எழுத்தில் உறுதி கேட்டுக்கொண்டு வாங்குங்கள். ஜிடிஎமுவின் நகல்கள் சந்தையில் ஏராளம். பல நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் மூலப் போர்டுக்கு வெளியிட்ட ஃபேர்ம்வேரை, அதாவது போர்டை இயக்கும் உள் மென்பொருளை, நகலில் ஏற்றாதீர்கள். ஏற்றினால் போர்டு செங்கல்தான். அதை வைத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்.

பவர் சப்ளை எரியுமா? இங்கேதான் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ட்ரீம்காஸ்ட் பவர் சப்ளை 3.3, 5, 12 வோல்ட் என மூன்று தருகிறது. 12 வோல்ட்டை இழுப்பது முக்கியமாக டிரைவின் மோட்டார். டிரைவைக் கழற்றினால் அந்தக் கம்பியில் சுமை ஏறத்தாழ இல்லை. பல வெளியீடுகள் உள்ள பவர் சப்ளையில் ஒரு கம்பியில் சுமை இல்லாமல் போனால் அதன் மின்னழுத்தம் ஏறும், அதை அடக்கும் பாகம் சூடாகும். இது மின்னணுவியலின் அரிச்சுவடி, சந்தேகமே இல்லை. அந்தச் சூடு பவர் சப்ளையின் ஆயுளைக் குறைக்கிறதா என்பதில்தான் சர்ச்சை. பல வருடம் ஒன்றும் செய்யாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு, முதல் நாளே ரெசிஸ்டர் வைத்தே தீர வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களும் உண்டு. 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 100 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் அது 1.44 வாட்டைச் சூடாக்கித் தள்ளும், 220 ஓம் என்றால் சுமார் 0.65 வாட். எதை வைத்தாலும் 5 வாட் தாங்கும் வகையாக வையுங்கள், பிளாஸ்டிக்கைத் தொடாமல் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். என் இயந்திரமாக இருந்தால் 220 ஓம் வைப்பேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, சுமை இல்லாத கம்பியைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. டிரைவே போய்விட்ட இயந்திரத்துக்கு முழு பவர் சப்ளையையும் மாற்றும் புதுப் போர்டுகளும் கிடைக்கின்றன. வெளியே 12 வோல்ட் அடாப்டர், உள்ளே சின்னப் போர்டு. நேரடி மின்சாரம் பெட்டிக்குள்ளேயே வராது என்பதே அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

எழுதிய சிடிகள் டிரைவைக் கொன்றனவா? எழுதிய சிடியின் பிரதிபலிப்பு அச்சடித்த டிஸ்க்கை விடக் குறைவு, அதைப் படிக்க டிரைவ் கூடுதலாகத் திணறும் என்பது உண்மை. தரவு டிஸ்க்கில் சரியாக அடுக்கப்படாத நகல்களில் லேசர் முன்னும் பின்னும் அலையும், அதுவும் உண்மை. அதனால் மட்டுமே உங்கள் டிரைவ் செத்தது என்று நிரூபிக்க யாராலும் முடியாது. அச்சடித்த டிஸ்க்கைத் தவிர வேறெதையும் பார்க்காத டிரைவ்களும் இதே வயதில் இதே மாதிரி போகின்றன. உறுத்தலை விட்டுவிடுங்கள்.

எமுலேட்டர் போட்டால் எல்லாம் அப்படியே இருக்குமா என்றால், ஏறத்தாழ. டிரைவ் போடும் இரைச்சல் போய்விடும். சிலருக்கு அதுவே குறை, அந்தக் கரகரப்பைக் கேட்டால்தான் ஆட்டம் தொடங்கியது போல இருக்கும் அவர்களுக்கு. பல ஆட்டங்கள் கொஞ்சம் வேகமாக ஏறும், ஏனென்றால் தேடும் நேரம் இல்லை. டிரைவின் தாமதத்தை நம்பி எழுதப்பட்ட ஓரிரு இடங்களில் பாட்டும் காட்சியும் ஒன்றுக்கொன்று முந்தலாம். நல்ல போர்டுகள் இதை ஈடுகட்ட முயல்கின்றன. இதைவிட அதிகமாகத் தொல்லை தருவது எஸ்டி கார்டுதான். 128 ஜிபி என்று எழுதி உள்ளே அதில் கால்வாசி மட்டும் இருக்கும் போலிக் கார்டுகள் எங்கும் உண்டு. முதலில் கார்டு முழுவதையும் எழுதிப் படிக்கும் சோதனை மென்பொருளை ஓட்டுங்கள். பிறகு ஃபேட்32-ல் ஃபார்மட் செய்து, 01, 02 என்று எண் போட்ட ஃபோல்டர்களில் வரிசையாக நகலெடுங்கள். அழித்து அழித்து எழுதிய கார்டில் ஃபைல்கள் துண்டு துண்டாகச் சிதறும், வீடியோ திக்கும். அப்படித் திக்கும்போது போர்டைக் குறை சொல்லாமல் கார்டை ஃபார்மட் செய்து மறுபடி நகலெடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆட்டங்களின் டிஸ்க் பிம்பங்கள், அதாவது கார்டில் போடும் முழு டிஸ்க் நகல்கள் பற்றி. சாதாரணக் கம்ப்யூட்டர் டிரைவ் ஜிடி-ராமின் வெளிப்பகுதியைப் படிக்காது. உங்களிடம் உள்ள டிஸ்க்கை நகலெடுக்கப் பொதுவாக ட்ரீம்காஸ்ட்டே வேண்டும், ட்ரீம்ஷெல்லும் சீரியல் போர்ட்டில் செருகும் எஸ்டி அடாப்டரும் இருந்தால் முடியும், வேகம் நத்தைதான். ஆகவே டிரைவில் கொஞ்சம் உயிர் இருக்கும்போதே, எமுலேட்டரை வாங்குவதற்கு முன்பே, உங்கள் டிஸ்க்குகளை நகலெடுத்துவிடுங்கள். சொந்த டிஸ்க்கை நகலெடுப்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். நான் வக்கீல் இல்லை, அங்கே வாய் திறக்க மாட்டேன்.

சேகாவின் சாட்டர்னும் நிண்டெண்டோவின் கேம்கியூபும் வைத்திருப்பதாகவும் சொன்னீர்கள், அவற்றைப் பற்றிச் சுருக்கமாக. சாட்டர்னில் டிரைவ் ரிப்பன் 20 பின், 21 பின் என்று இரண்டு வகை. தவறான போர்டை வாங்கினால் மாட்டவே முடியாது, எனவே திறந்து எண்ணிவிட்டு வாங்குங்கள். டிரைவைத் தொடவே மனமில்லை என்றால் சாட்டியேட்டர் என்று ஒன்று உண்டு. அது வீடியோ சிடி கார்டுக்காகப் பின்னால் விட்டிருக்கும் இடத்தில் செருகும். ஸ்க்ரூ டிரைவரைப் பழகாதவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கேம்கியூபில் டிரைவை அகற்றிப் போடும் போர்டுகளும் உண்டு, ராஸ்பெரி பை பைக்கோ என்ற குட்டிக் கணினிப் போர்டைச் சில வயர்களால் ஈயம் பிடித்து டிரைவை வைத்துக்கொண்டே கார்டிலிருந்து ஓட்டும் வழியும் உண்டு. பின்னது மலிவு, ஆனால் கை நடுங்கக் கூடாது. பிளேஸ்டேஷன் 1-க்கான எக்ஸ்-ஸ்டேஷன் டிரைவின் இடத்தில் உட்காரும், ஆனால் மெல்லிய கால்களில் ஈயம் பிடிக்க வேண்டும். முதல் சால்டரிங் பாடத்தை அதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ட்ரீம்காஸ்ட்டைத் திறந்த கையோடு முன்பக்கக் கண்ட்ரோலர் போர்டையும் பாருங்கள். அங்கே தேதி நேரத்தைக் காக்கும் எம்எல்2032 பேட்டரி ஈயம் பிடித்து உட்கார்ந்திருக்கும். அது சார்ஜ் ஆகும் வகை. அதே அளவில் கிடைக்கிறதே என்று சிஆர்2032-ஐ அப்படியே போட்டால், சார்ஜ் ஆகக் கூடாத பேட்டரிக்குள் மின்சாரம் போகும், வீங்கிக் கசியலாம். அதே போர்டில் எஃப்1 என்று ஒரு ஃபியூஸ். அது போனால் நான்கு கண்ட்ரோலர் போர்ட்டுகளும் ஒரே நேரத்தில் செத்துவிடும். அதைப் பார்த்துவிட்டு மதர்போர்டு போய்விட்டது என்று இயந்திரத்தையே விற்றவர்கள் உண்டு.

எந்த வழியில் போனாலும் கழற்றிய டிரைவைத் தூக்கிப் போடாதீர்கள். நிலைமின்சாரத்தைத் தடுக்கும் பையில் போட்டு, அதன் ஸ்க்ரூக்களையும் அதே பையில் போட்டு, எந்த இயந்திரத்துடையது என்று எழுதி வையுங்கள். பெட்டியை அறுக்காமல், எதையும் உடைக்காமல் செய்த மாற்றம் என்றால் எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். இயந்திரத்தைக் கண்ணால் பார்க்காமல், நீங்கள் எழுதிய ஐந்தாறு வரியை வைத்துத்தான் இவ்வளவும் சொல்லியிருக்கிறேன். இன்னும் மூன்று விஷயம் தெரிந்தால் இதைவிடத் துல்லியமாகச் சொல்லலாம்: அடியில் வட்டத்துக்குள் இருக்கும் எண் என்ன, பாட்டு சிடி ஓடியதா, பின்களைத் துடைத்த பிறகு ரீசெட் நின்றதா. பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை எதையும் வாங்க வேண்டாம்.